ஜோடி இல்லாத பிள்ளை

ரீத்தா விசில் ஊதினால் அந்தமானின் லாங் ஐலண்ட் கடற்கரையில் காக்கா கூட பக்கத்துக் காக்காவைத் தேடும் என்று முகாமுக்கு வரும் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவள் நீளமாக ஒரு முறை ஊதி, "ஜோடி!" என்று கத்துவாள். கடலுக்குள் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜோடியின் கையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் தூக்காத ஜோடிக்கு அன்றைக்கு முழுக்க மணல்தான். ஜோடிக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்து படுத்துவிட்டால் மற்றவருக்கும் கடல் கிடையாது. ரீத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் தலையை எண்ண வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதுதான் சட்டம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முகாமில் ஒரு பிள்ளைக்கும் முழங்கால் சிராய்ப்புக்கு மேல் எதுவும் நடந்ததில்லை.

அவள் பிறந்தது ஹட் பேயில். அப்பா சிலுவைராஜ் வேம்பாரிலிருந்து வலையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகக் கப்பலேறி வந்தவர். சுனாமிக்குப் பிறகு ஹட் பே சனம் பல மாதம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடந்தது. அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு குழு, கடலில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் பயிற்சிக்கு ஆள் கேட்டது. பெயர் கொடுத்த இருபத்தெட்டுப் பேரில் பெண் அவள் ஒருத்திதான். அந்தப் பயிற்சியை வைத்து போர்ட் பிளேரில் ஒரு கடற்கரையில் லைஃப்கார்டு வேலை கிடைத்தது. வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் வேலை. தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் எஞ்சின் பகுதியில் இருந்த ஜோஸ்வாவைக் கட்டிக்கொண்டாள். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் வீடு. ஒரே மகன் மெயின்லேண்டில் ஐடிஐ படிக்கிறான்.

நளினியைச் சந்தித்ததும் கடற்கரையில்தான். அப்போது நளினி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா வந்தவளிடம், நீரோட்டம் சரியில்லை, ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று ரீத்தா சொன்னாள். நளினி சண்டைக்கு வந்தாள். "எங்க பசங்களுக்கு நீச்சல் தெரியும்" என்றாள். ரீத்தா ஒரு காலி இளநீர்க் கூட்டை அலையில் எறிந்து காட்டினாள். அது கரைக்கு வரவில்லை, நேராக வெளியே போனது. நளினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் இரண்டு கிளாஸ் டீ வாங்கி வந்தாள்.

"நீ ஒருத்தி கூட இருந்தா போதும். நான் அம்பது பிள்ளைங்கள கூட தைரியமா கூட்டிட்டு வருவேன்" என்றாள்.

அப்படித்தான் 'அலைத்துளி' கோடை முகாம் ஆரம்பமானது. ஒவ்வொரு மே மாதமும் லாங் ஐலண்டில் பத்து நாள். பிள்ளைகளைச் சேர்ப்பது, பர்மிஷன் வாங்குவது, சாப்பாடு, பெற்றோர்களோடு பேசுவது எல்லாம் நளினி. தண்ணீர் ரீத்தா. இடையில் ரீத்தாவின் அம்மா ஹட் பேயில் இறந்துபோனபோது, கப்பலில் இடமே இல்லை என்று கவுண்டரில் கைவிரித்த நாளில், நளினிதான் ஆபீஸ் ஆபீஸாக ஓடி இரண்டு மணி நேரத்தில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். கூடவே கப்பலேறி வந்து அடக்கம் முடியும்வரை இருந்தாள். ரீத்தாவுக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. நளினியைத்தான் அக்கா என்று கூப்பிட்டாள், மனசார.

இந்த வருஷம் அறுபத்தெட்டுப் பிள்ளைகள். நாற்பதுக்கு மேல் தன் ஒருத்தியால் பார்க்க முடியாது, இன்னொரு லைஃப்கார்டு வேண்டும் என்று ரீத்தா பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தாள். "சொல்லி வச்சிருக்கேன், வந்துடுவாங்க" என்றாள் நளினி. கப்பல் ஏறும்போது பார்த்தால் யாரும் இல்லை. "கடைசி நேரத்துல கைய விரிச்சிட்டாங்க ரீத்தா. ரெண்டு டீச்சருங்க இருக்காங்கல்ல, சமாளிச்சுக்கலாம்."

பிள்ளைகளை ரீத்தா இரண்டு பாதியாகப் பிரித்தாள். ஒரு பாதி கடலில் என்றால் மறு பாதி மணலில். அவளுக்கு உட்கார நேரமில்லை. முதல் நாளே நளினி பத்துத் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். தினமும் கடலைச் சோதித்ததற்கு ஒரு பாதுகாப்புத் தாள் எழுதி வைக்க வேண்டும் என்பது பர்மிஷனில் உள்ள விதி.

"பத்து நாளுக்கும் இப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு. நாள் பூரா தண்ணில நிக்கறவ, ஈரக்கையோட பேப்பரத் தொட வேணாம். நான் நிரப்பிக்கறேன்."

ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். லைஃப் ஜாக்கெட் பெட்டியின் மேல் தாள்களை வைத்து, நின்றபடியே பத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள் ரீத்தா. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் வனத்துறைக் காவலர் முத்துகிருஷ்ணன் கடற்கரைக்கு நடந்து வந்தார். கடற்கரையின் வடக்குக் கோடியில், கண்டல் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கிரீக், சின்ன உப்பங்கழி, வந்து கடலில் விழும். அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினார்.

"கிரீக் வாயில மகர் இருக்குன்னு டுங்கிப் படகுக்காரங்க ரெண்டு நாளா சொல்றாங்க மேடம். நானே போய்ப் பாத்தேன். சேத்துல வால் இழுத்த தடம் இருக்கு. பெரிய முதலைதான். அந்தப் பக்கம் பசங்களை விடாதீங்க."

ரீத்தா அப்போதே நளினியிடம் போனாள். மூன்று விஷயம் சொன்னாள். வடக்குப் பக்கத்தைக் கயிறு கட்டி மூட வேண்டும். கயாக் படகு இந்த முகாமில் இனிமேல் கிடையாது, ஏனென்றால் கடல் உள்வாங்கி வத்தம் இறங்கும்போது நீரோட்டம் கயாக்கைக் கிரீக் பக்கம்தான் இழுக்கும். பெற்றோர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

"பெத்தவங்களுக்குத் தெரியணும்க்கா. யாருக்காச்சும் பயமா இருந்தா புள்ளையக் கூட்டிட்டுப் போயிரட்டும்."

"கரெக்ட். இப்பவே பேரன்ட்ஸ் குரூப்ல போட்டுடறேன்" என்று நளினி போனைக் கையில் எடுத்தாள். ரீத்தா கயிறு கட்டப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் மதியம் ப்ரியங்கா என்கிற பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. பல் கிட்டித்து நடுங்கினாள். மலேரியாவா என்று ரத்தம் பார்க்க வேண்டும், தீவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டீச்சர்கள் இரண்டு பேரும் சமையல் பக்கம் இருந்தார்கள். "நீயே போயிட்டு வா, உனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியும்" என்றாள் நளினி. ரீத்தா விசில் ஊதி எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்றினாள். எண்ணினாள். ப்ரியங்காவோடு சேர்த்து அறுபத்தெட்டு.

"நா வார வரைக்கும் ஒரு புள்ள தண்ணில கால் வைக்கக் கூடாதுக்கா."

"நான் இருக்கேன்ல. வாலிபால் விளையாட விடறேன். போ, போ."

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டபோது மணி இரண்டு இருபது. ரத்தம் எடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். மலேரியா இல்லை, மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காய்ச்சல் விட்டு வியர்த்துப்போயிருந்த ப்ரியங்காவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு ரீத்தா திரும்பியபோது மூன்றே முக்கால்.

தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் தலைமுடி ஈரமாக இருந்தது. ஏழு கயாக்கில் ஆறு கயாக் மணலில் தாறுமாறாகக் கிடந்தன. தர்பூசணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் பெரிய கேமராவோடு ஒரு ஆள் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மதியம் படகுல வந்தாரு ரீத்தா, வீடியோக்காரர். அடுத்த வருஷ விளம்பரத்துக்கு. நாளைக்கு வர முடியாதாம். ஒரு அரை மணி நேரம்தான், கரையோரமாவே விட்டோம்" என்றாள் நளினி. பேசும்போது ரீத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ரீத்தா விசிலை வாயில் வைத்தாள். "ஜோடி!"

தர்பூசணிச் சாறு வழியும் கைகள் இரண்டிரண்டாக மேலே போயின. எண்ணினாள். முப்பத்துமூன்று ஜோடி. கை தூக்காமல் யாரும் நிற்கவில்லை. "பாத்தியா, எல்லாரும் இருக்காங்க" என்று நளினி மூச்சு விட்டாள்.

அப்போது ரீத்தாவின் கையைப் பிடித்தபடி நின்ற ப்ரியங்கா கேட்டாள்:

"ஆன்ட்டி, என் ஜோடி சங்கவி எங்க?"

சங்கவிக்குப் பதினாலு வயசு. போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட்டிலிருந்து வந்தவள். ஜோடி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் அவளைக் காணோம் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. டீச்சர்களில் ஒருத்தி சொன்னாள்: "எனக்கு மட்டும் இல்லையான்னு அழுதா. ஒத்தை ஆள் கயாக் ஒண்ணு இருந்துச்சு, கொடுத்தோம்." திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

வத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ரீத்தா ஓடினாள். ஓடிக்கொண்டே முத்துகிருஷ்ணனுக்குப் போன் போட்டு, டுங்கியை எடுத்துக்கொண்டு கிரீக் வாய்க்கு வரச் சொன்னாள். படகுத்துறையிலிருந்து சுற்றி வர இருபது நிமிஷமாவது ஆகும் என்றார். அவள் கட்டிய கயிறு அறுபடவில்லை. யாரோ அவிழ்த்து ஒழுங்காகச் சுருட்டி மரத்தில் மாட்டியிருந்தார்கள்.

கிரீக் வாயில் சிவப்பு கயாக் கவிழ்ந்து, வேர்களுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. அதற்கு மேலே ஒரு கண்டல் மரத்தின் வளைந்த கிளையில் சங்கவி குரங்குக்குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். ரீத்தாவைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள். இடையில் முப்பது அடி அகலத்துக்குக் கலங்கிய தண்ணீர். எதிர்ச் சேற்றில் மரக்கட்டை மாதிரி ஒன்று கிடந்தது. மரக்கட்டைக்குக் கண் இருந்தது.

ரீத்தாவின் வாழ்க்கையில் அதுவரை தண்ணீருக்குள் ஒரு பிள்ளை கூப்பிட்டு அவள் இறங்காமல் நின்றதில்லை. உடம்பு தானாக முன்னே போனது. ஒரு காலை வைத்தும்விட்டாள். பிறகு எடுத்தாள். அவள் இறங்கினால் சேற்றில் கிடப்பது இறங்கும். அது இறங்கிவிட்டால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

"வாங்க ஆன்ட்டி! தூக்குங்க!"

"வர மாட்டேன்மா. டுங்கி வருது. நீ கால மேல இழுத்துக்கோ. இன்னும் மேல. அச்சா, அப்படித்தான்."

"ரத்தம் வருது ஆன்ட்டி."

"தலைல கட்டியிருக்க துணிய அவுத்து இறுக்கிக் கட்டு. ஒரு கை கிளைய விடக் கூடாது. கட்டிட்டியா? உங்க வீட்டுல ஆடு இருக்குன்னு சொன்னீல்லா, எத்தன ஆடு?"

"நாலு."

"பேரு சொல்லு. மெதுவா சொல்லு, எனக்குக் காது கேக்கல."

ஆட்டின் பெயரைச் சொன்னாள். அம்மா நர்சரியில் வளர்க்கிற செடிகளைச் சொன்னாள். கிராம்பு, ஜாதிக்காய், பாக்கு. பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பாட்டி சமைக்கிற மீனைச் சொன்னாள். சொல்லச் சொல்ல குரல் மங்கிக்கொண்டே போனது. ரீத்தா அவளிடம் பேசிக்கொண்டே கண்ணைச் சேற்றிலிருந்து எடுக்காமல் நின்றாள். இருபத்தாறு நிமிஷம். டுங்கியின் எஞ்சின் சத்தம் கேட்டதும் சேற்றில் கிடந்தது சத்தமே இல்லாமல் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. முத்துகிருஷ்ணன் டுங்கியை மரத்தோடு ஒட்டி நிறுத்தி, சங்கவியை அப்படியே தோளில் வாங்கிக்கொண்டார். கெண்டைக்காலில் பதினோரு தையல் போட வேண்டியிருந்தது. சிப்பி வெட்டிய காயம்.

கரையில் நளினி ஓடிவந்து ரீத்தாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "நீ இல்லன்னா நான் செத்தேன் ரீத்தா. நீ இல்லன்னா நான் செத்தேன்." ரீத்தாவுக்குக் கோபம் நெஞ்சு முட்ட இருந்தது. ஆனாலும் அழுகிறவளைத் தள்ளிவிட மனசு வரவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

முகாமை அத்தோடு முடித்து, அடுத்த நாள் கப்பலில் எல்லாரையும் கூட்டிவந்தார்கள். போர்ட் பிளேர் ஜெட்டியில் பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். சங்கவியின் அம்மா சித்ரா, மகளின் கட்டைப் பார்த்து உட்கார்ந்தேவிட்டாள். பிறகு எழுந்து நளினியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"முதலை இருக்கற எடத்துல எம்புள்ளைய எப்படி விட்டீங்க?"

ரீத்தா பத்தடி தள்ளி, சங்கவியின் பையைத் தோளில் மாட்டியபடி இறங்கிக்கொண்டிருந்தாள். நளினியின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்.

"சேஃப்டி மொத்தமும் ரீத்தா பொறுப்புங்க. நான் தண்ணி விஷயத்துல தலையிடறதே இல்ல. அவங்க பீச்ச விட்டு வெளிய போயிருந்தாங்க. போறதுக்கு முன்னாடி கயாக் விடலாம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காங்க. பேப்பர் இருக்கு."

எல்லாத் தலையும் ரீத்தாவின் பக்கம் திரும்பியது. சித்ரா வந்து அவள் தோளிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். ரீத்தா வாயைத் திறந்தாள். அக்கா என்கிற ஒரு வார்த்தைதான் வந்தது. நளினி அடுத்த பெற்றோரிடம் பேசத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று ரீத்தாவுக்கு நினைவில்லை. ஜோஸ்வா டியூட்டியிலிருந்து வந்தபோது அவள் ஈரத்துணிப் பையைக்கூடப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நேத்து என்னயக் கட்டிக்கிட்டு அழுதாங்க" என்றாள். "அழும்போதே அந்தப் பேப்பர எழுதி முடிச்சிருப்பாங்களோ?" இதையே அன்றைக்கு நாலைந்து முறை கேட்டாள். ஜோஸ்வா அந்தப் பையைப் பிரித்து ஈரத்துணியைக் காயப் போட்டான்.

நான்கு நாள் கழித்து நளினி ஜங்லிகாட் வீட்டுக்கு வந்தாள். விசாரணை வைத்திருக்கிறார்கள், சிவப்பிரகாசம் என்று ஒரு அதிகாரி. அதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று வந்திருந்தாள். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள்.

"தப்பு உன் பேர்ல வந்தா ஒரு வார்னிங்கோட போயிடும் ரீத்தா. நான் விசாரிச்சுட்டேன். என் பேர்ல வந்தா கேம்ப்பே போச்சு. பன்னெண்டு வருஷம். அது உன்னோடதும்தானே?"

ரீத்தா வேறு ஒன்று கேட்டாள்.

"முதல விஷயத்த பேரன்ட்ஸ் குரூப்ல போட்டீயளாக்கா?"

நளினி ஜன்னலைப் பார்த்தாள்.

"போட்டா பாதிப் பேரு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

"கூட்டிட்டுப் போறதுக்குத்தாம்க்கா போடச் சொன்னேன்."

"சும்மா நேர்மை பேசறது சுலபம். கேம்ப் நடத்திப் பாரு, தெரியும்."

"அந்தப் பத்துத் தாளு" என்றாள் ரீத்தா. "எல்லா வருஷமும் எங்கிட்ட கையெழுத்து வாங்குனீய. ஈரக்கை, ஈரக்கைன்னு. அன்னிக்கே இதுக்குத்தான் வாங்கி வச்சீயளா?"

"சீ, இல்ல. சத்தியமா இல்ல. அப்ப இப்படி எல்லாம் யோசிக்கவே இல்ல."

அது உண்மைதான் என்று ரீத்தாவுக்குத் தோன்றியது. அதனால் மனசு ஆறவில்லை. மாட்டிக்கொண்ட நிமிஷத்தில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்டாள் நளினி. கைக்குக் கிடைத்தது ரீத்தா. ரீத்தா டீயை ஆற்றி வைத்திருந்தாள், குடிக்கச் சொல்லவில்லை. நளினி எழுந்து போனாள்.

விசாரணை நாளில் சிவப்பிரகாசம் அந்த எட்டாம் நாள் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார். "நேரம் 2.30. முதலைக் கண்காணிப்பு செய்யப்பட்டது. கயாக் பயிற்சிக்கு அனுமதி" என்று நளினியின் குண்டு குண்டான டீச்சர் எழுத்தில் இருந்தது. கீழே ரீத்தாவின் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்தா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஜோஸ்வாவின் சிநேகிதர்கள் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். பொய்க் கையெழுத்து என்று சொன்னால் நளினிதான் நிரூபிக்க வேண்டும்.

"எங்கையெழுத்துதான் சார். எழுத்து என்னது இல்ல. எழுதுறதுக்கு முன்னாலயே போட்டுக் குடுத்தேன். பத்துத் தாளும் வெறுந்தாளு."

"வெறும் தாள்ல ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"நம்பித்தான் சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். ரீத்தா ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டை எடுத்து வைத்தாள். ப்ரியங்கா பெயர், அழைத்து வந்தவர் ரீத்தா, இரண்டு இருபது. ரத்தம் எடுத்த நேரம் இரண்டு முப்பத்தைந்து. ஒரே ஆள் கடற்கரையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்க முடியாது. முத்துகிருஷ்ணனும் வந்து, ஐந்தாம் நாளே எச்சரித்ததைச் சொன்னார். நளினி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ரீத்தா அவள் பக்கம் திரும்பவில்லை. நளினி போட்டுக்கொள்ளும் பவுடரின் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் அடக்கத்தன்று தோளில் சாய்ந்து அழுதபோது வந்த அதே வாசனை. அதுதான் அவளைக் கண்கலங்க வைத்தது. அவள் பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து அதிகாரி தண்ணீர் கொடுத்தார்.

முகாமுக்கான பர்மிஷன் இரண்டு வருஷத்துக்கு ரத்தானது. நளினிக்குக் கடுமையான எச்சரிக்கை. வெறும் தாள்களில் கையெழுத்திட்டதாகத் தானே ஒப்புக்கொண்டதால், ரீத்தாவின் லைஃப்கார்டு கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. பதினெட்டு வருஷ வேலை ஒரு வரிக் கடிதத்தில் முடிந்தது.

அந்த வாரமே ரீத்தா பஸ் ஏறி சிப்பிகாட்டுக்குப் போனாள். சித்ரா வாசலில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ரீத்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதலையைப் பற்றித் தெரிந்தது, பெற்றோருக்குச் சொல்லும்படி நளினியிடம் சொன்னது, நளினி சொல்லாமல் விட்டது, வெறும் தாள், எல்லாம்.

"குரூப்ல நீங்களும் இருந்தீங்கல்ல?" என்றாள் சித்ரா. "போட்டாங்களான்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

ரீத்தா குரூப்பில் இருந்தாள். பார்க்கவில்லை. அக்கா போட்டுவிடுவாள் என்று இருந்துவிட்டாள்.

"பாத்திருக்கணும்" என்றாள்.

சித்ரா மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். சங்கவி நொண்டி நொண்டி ஒரு சொம்பு கொண்டுவந்தாள்.

ரீத்தாவும் ஜோஸ்வாவும் ஹட் பேக்குக் குடிமாறினார்கள். அப்பாவின் பழைய வீட்டை ஒட்டி ஒரு சின்ன மளிகைக் கடை. பத்து மாதம் கழித்து, போர்ட் பிளேரில் சரக்கு எடுத்துக்கொண்டு காலைக் கப்பலில் திரும்பும்போது, மேல்தளத்தில் எதிர் பெஞ்சில் நளினி உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கப்பலில் எழுந்து எங்கே போவது? ஏழெட்டு மணி நேரப் பயணம்.

"நல்லா இருக்கியா?" என்றாள் நளினி.

"இருக்கேன்."

கப்பல் துறைமுகத்தைத் தாண்டிய பிறகு நளினி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் ரொம்பப் பயந்துட்டேன் ரீத்தா. ஜெட்டில அத்தன பேரப் பாத்ததும் வாய்ல என்ன வந்துச்சோ அத சொல்லிட்டேன்."

ரீத்தா கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குக் கப்பல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீயன்னா, நானே ஏத்துக்கிட்டிருப்பேம்க்கா. எங்கம்மா சாவுக்கு நீங்க செஞ்சதுக்கு நான் அத செஞ்சிருப்பேன். தப்புதான், ஆனாலும் செஞ்சிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே. நான் பையத் தூக்கிட்டு நிக்கும்போதே என்னய எடுத்துக் குடுத்துட்டீய."

நளினி தலையைக் குனிந்துகொண்டாள். ரீத்தாவுக்கு, ஒருவேளை நிஜமாகவே வருந்துகிறாளோ என்று மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. அப்போது நளினி கேட்டாள்:

"ஹட் பேலதான இருக்க? நான் எடம் பாக்கத்தான் வரேன். அருவிப் பக்கம். என் தங்கச்சி பேர்ல ஒரு கேம்ப். சின்னதா, இருபது பிள்ளைங்க. அடுத்த மாசம். ஹட் பே ஸ்கூல்ல பேசிட்டேன், ஆறு பேர் பேரு கொடுத்துட்டாங்க. நீ வரியா? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ரீத்தா எழுந்தாள். கீழ்த்தளத்துக்கு இறங்கி, வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டில், மிச்சப் பயணம் முழுவதும் உட்கார்ந்து வந்தாள். ஏமாந்தது ஒருமுறை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். மேல்தளத்தில் இளகிய அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஆறு பிள்ளைகளின் வீடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கடையை ஜோஸ்வாவிடம் விட்டுவிட்டு வீடு வீடாகப் போனாள். ஹிந்தியில் சொல்ல வேண்டிய இடத்தில் ஹிந்தியில், தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் தமிழில், லாங் ஐலண்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் கையெழுத்தையும் சேர்த்துத்தான். அனுப்புகிறதாக இருந்தால் இதையெல்லாம் கேளுங்கள் என்றாள். தண்ணீரைப் பார்க்கிற ஆள் எத்தனை பேர்? அந்த ஆள் வெளியே போனால் மாற்று யார்? பிள்ளைக்கு ஜோடி யார்? நேரில் போய், கண்ணால் பார்த்துக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். "வேலை போன வயித்தெரிச்சல்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. நாலு வீட்டில் உட்காரவைத்துக் கேட்டார்கள், பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். ஆறாவது வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா, நளினி டீச்சரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும், அவங்க அப்படிச் செய்யற ஆள் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் தெரியும்ணே" என்றாள் ரீத்தா. "பன்னெண்டு வருஷமா."

வெயில் ஏறியிருந்தது. மறுபடியும் நாளைக்கு வருவதாக அவரிடம் சொல்லிவிட்டு, அருவிப் பக்கம் எந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள், அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க நடந்தாள்.